போட்டி வாரத்துக்கு ஒரு விடுதி

பிறட்பிக் கேடயப் போட்டி கண்டியில் நடைபெறும் வாரத்து வெள்ளிக்கிழமை மாலையிலே, கொழும்பிலிருந்து மலையேறி வரும் வாகனங்களைக் கடுகண்ணாவைக் கணவாயிற் கண்டவர்கள், மலைநகரில் ஏதோ பெருவிழா நடைபெறப் போகின்றது என்றே எண்ணுவர். வாகனங்களின் பலகணிகளிலே கல்லூரிக் கொடிகள் பறக்கும். உள்ளே இருப்போருள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே கொடியின்கீழ் விளையாடிய முதியவரும் இருப்பர். இவ்வாண்டுதான் கல்லூரியிற் சேர்ந்த சிறுவனும் இருப்பான். இவர்கள் எல்லோரும் அன்றிரவு எங்கே படுத்துறங்கப் போகின்றனர்? இவ்வினாவை வீட்டை விட்டுப் புறப்படுமுன் எழுப்பியவர்கள் பாக்கியசாலிகள். கண்டி வாவிக்கரையை அடைந்த பின்னர் எழுப்பியவர்களின் பாடு சொல்லுந்தரமன்று.

இப்போட்டியின் வரலாற்றை நேயர்கள் பலர் அறிவர். அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் றக்பி உதைபந்தாட்டத்தில் முதன்முதல் எதிர்நின்றது 1920ஆம் ஆண்டிலே. றோயல் கல்லூரியின் அதிபராக இருந்த பிறட்பி என்னும் ஆங்கிலேயர் 1945இல் ஒரு கேடயத்தை வழங்கினார். அன்று தொட்டு இருகாற் போட்டியாக இது நடைபெற்று வருகின்றது. ஓர் ஆட்டம் கொழும்பில். மற்றோர் ஆட்டம் கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, மிகுதியாகப் பெற்ற அணிக்கே கேடயம் உரியதாகும். ஓர் ஆட்டத்திலே தோற்ற அணி மற்றோர் ஆட்டத்திலே இழந்ததை மீட்கலாம். வென்ற அணியும் கைக்கு வந்ததை நழுவ விடலாம். ஆகவே இரண்டையும் காணாதவர் போட்டியைக் கண்டவராகார். கொழும்பார் கண்டிக்குப் படையெடுப்பதன் காரணம் இதுவே.

படையெடுத்து வருவோர்க்கெல்லாம் இடங்கொடுக்கக் கண்டியால் இயலுமா? மலைகள் நாற்புறமும் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரம் அது. நடுவிலே வாவி, வாவிக்கரையிலே தலதா மாளிகை, அதன் அயலிலே பழம்பெரும் விடுதிகள். விரிந்து பரவ நிலமில்லை. வாவியைப் பார்த்த அறைகள் ஆண்டு முழுவதும் வெளிநாட்டுப் பிரயாணிகளால் நாடப்படுவன. போட்டி வாரத்தில் அவற்றின் வாடகை ஏறுவது வியப்பன்று. நல்ல முகூர்த்தம் அவ்வாரத்திலே விழுந்துவிட்டாலோ, திருமண வீட்டாரும் அதே அறைகளுக்குப் போட்டியிடுவர்.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே 'ஸ்ரேற் கொலிஜ்' என்றொரு சிற்றூர் உண்டு. அதன் குடிகள் ஏறத்தாழ 40,000 பேர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அரங்கமோ 1,00,000 பேருக்கு மேல் இருக்கத்தக்கது. ஊரினும் அரங்கு பெரிது! இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில், ஒரு விளையாட்டைக் காண வருவோர் அவ்வூர்க் குடிகளைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடுவர். விடுதிக்காரர் பலர் ஓரிரவுக்கு அறை கொடுக்கமாட்டார். இரண்டு இரவுக்குப் பணம் கட்டினால்தான் கதவு திறக்கும். பட்டறிவுடையோர் அவ்வூரிலே தங்குவதில்லை. ஒரு மணி நேரப் பயண தூரத்தில் உள்ள வேறோர் ஊரிலே மலிவாகவும் அமைதியாகவும் தங்கிவிட்டுக் காலையிற் புறப்பட்டு வருவர்.

கண்டிக்கு அவ்வாறு ஒரு மணி நேரத்திலே கிட்டுகின்ற ஊர் எது? பலவற்றைச் சொல்லலாம். அவற்றுள் மாத்தளை மாவட்டத்து உக்குவளை ஆராயத்தக்க ஒன்று.

அவ்வூரைப் பற்றிப் பேசுமுன் ஓர் ஆசிரியரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். கொழும்பிலே ஓர் அரசினர் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அவர். அப்பாடசாலை மேற்சொன்ன இரு கல்லூரிகளுள் ஒன்றன்று. பெரிய மைதானமும் அதற்கில்லை. ஆயினும் பையன்கள் றக்பி பழகத் தொடங்கியிருக்கின்றனர். நல்ல ஆட்டம் ஒன்றைக் கண்ணாரக் காணாமல் நல்ல ஆட்டம் பழக முடியாதென்பது ஆசிரியரின் எண்ணம். அது சரியான எண்ணமே. 24 மாணவர் வருவதாகப் பெயர் கொடுக்கின்றனர். ஆசிரியர் கண்டி நகரத்து விடுதி ஒன்றின் வாடகையை விசாரித்து, வீதப்படி வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று அறிவிக்கின்றார். மறுவாரம் பட்டியலைப் பார்த்தால் 15 பெயர்களே எஞ்சியிருக்கின்றன. நீங்கியவர்கள் ஒருவரும் பணமில்லை என்று சொல்லவில்லை. ஒருவனுக்கு வீட்டிலே விசேஷம். ஒருவனுக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கின்றது. ஒருவனுக்கு ஆட்டத்திலே முன்போல விருப்பம் இல்லையாம். முன்னணியில் நின்று பந்துக்காக உயிரை விடும் பையனே அவ்வாறு சொல்லுகின்றான்! பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு இப்பொய்களின் பொருள் விளங்கும். விடுதியைத் தெரிவது வெறும் வசதி பற்றிய காரியம் என்று எண்ணுவோர் இந்த ஒன்பது பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்த விடுதி என்று முடிவு செய்யும்போதே எந்தப் பையன் வருவான், எவன் வரமாட்டான் என்பதும் முடிவாகிவிடுகின்றது.

ஆசிரியர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறிடம் தேடத் தொடங்குகின்றார். தேடல் அவரை உக்குவளைக்குக் கொண்டு வருகின்றது.

உக்குவளை மாத்தளை நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில், வத்தேகமவிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருஞ்சாலை கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளையை அடைகின்றது. உக்குவளை அச்சாலையின் ஆரவாரத்துக்கு அப்பால் ஒதுங்கி நிற்கின்றது. கண்டியிலும் தாழ்ந்த நிலமாதலின் குளிர் குறைவு. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்பன செழித்து வளரும் மண். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் பிரதேசம். மூன்று மொழியும் கடைத்தெருவிலே கேட்கும்.

அவ்வூருக்குப் புகையிரத நிலையமும் உண்டு. கொழும்பிலிருந்து கண்டி வரை இருப்புப்பாதை 1867இல் அமைந்தது. அதன் கிளை 1880இல் மாத்தளையை எட்டியது. கோப்பியை ஏற்றுவதே அக்கிளையின் முதல் நோக்கம். ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 1869இலே தோன்றிய இலைநோய், பாதை மாத்தளைக்கு வந்து சேர்ந்த காலத்திலே கோப்பித் தோட்டங்களைத் தின்று கொண்டிருந்தது. பாதைக்கு முந்திய காலத்திலே அத்தோட்டங்களுக்கு ஆள் வந்தது எவ்வாறு? தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த வடபாதை வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். தங்க இடமின்றி, குடிக்க நல்ல நீரின்றி, வாந்திபேதியால் வழியிலே மடிந்தோர் பலர். தப்பி வந்தோர் மலைநாட்டின் வாசலாகக் கண்டது மாத்தளையை. அந்த மண்ணிலே இன்று பிரயாணிக்கு மெத்தையும் வெந்நீரும் விலை பேசப்படுகின்றன. நிற்க.

புகையிரதத்தில் வருவது மாணவர்க்குப் பெருங்களிப்பாகும். கட்டுகஸ்தோட்டையிலே மகாவலியைக் கடந்து, வத்தேகம வழியாக மெல்ல மெல்லச் செல்லும் வண்டி அது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் மலைநாட்டு இருப்புப்பாதைகளுக்கும் பெருஞ்சேதம் விளைத்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் வண்டியை நம்பித் திட்டமிடுமுன், எந்தப் பகுதியில் எந்த நேரத்துக்கு வண்டி ஓடுகின்றது என்று கண்டி நிலையத்தில் விசாரித்தறிதல் வேண்டும். ஆசிரியர் விசாரித்துவிட்டு, பஸ் வண்டி ஒன்றையே அமர்த்திக்கொள்ளுகின்றார்.

இனி ஆட்டம் நடக்குமிடத்தை நோக்குவோம். கண்டியில் றக்பி என்றால் முன்னாளிலே போகம்பரை மைதானமே நினைவுக்கு வரும். 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் முதன்முதல் ஆடியது அங்கேதான். நித்தவெலை மைதானமும் பேர் பெற்றது. திரித்துவக் கல்லூரியின் சொந்த றக்பி அரங்கமோ நகருக்கு வெளியே பல்லேகலையில் இருக்கின்றது. ஆகவே இவ்வாண்டு ஆட்டம் எந்த மைதானத்தில் என்று முதலில் அறிந்து கொள்ளாமல் விடுதிக்கு முற்பணம் கட்டுதல் பேதைமை. பல்லேகலை என்றால், வாவிக்கரையில் தங்கியவர் நெரிசலில் நகரைக் கடந்து, மகாவலியையும் கடந்து செல்லல் வேண்டும். உக்குவளையில் தங்கியவர் வத்தேகம வழியாக நகருக்குள் நுழையாமலே போய்ச் சேரலாம். தூரத்தில் மிகுதியாயினும் காலத்தில் அது பெரிய நட்டமன்று. போகம்பரை அல்லது நித்தவெலை என்றால் கணக்கு மாறும். அப்போது மாத்தளைப் பக்கத்திலிருந்து வருவோர் கட்டுகஸ்தோட்டை நெரிசலைத் தப்ப விடியலிலேயே புறப்படல் வேண்டும்.

ஊர் தீர்ந்தது. இனி வீடு. உக்குவளையிலும் மாத்தளையைச் சூழவும் பிரயாணிகளுக்கு இடங்கொடுக்கும் சிறு விடுதிகளும், குடும்பத்தார் தம் வீட்டின் ஒரு பகுதியை ஒதுக்கித் தரும் இல்லங்களும் உண்டு. மாத்தளையிலே பழைய முறை வாடிவீடும் உண்டு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிலே பதிவு செய்யப்பட்டதா என்று வினவுவது முதற்காரியம். பதிவுப் பத்திரம் சுவரிலே தொங்கினால் மெத்தை மென்மையாகிவிடாது. ஆனால் முறையிடுவதற்கு ஓரிடம் உண்டென்ற துணிவு பிறக்கும்.

அறை எத்தனை என்று கேட்பதிற் பயனில்லை. கட்டில் எத்தனை, குளியலறை எத்தனை என்று கேட்டல் வேண்டும். 24 பையன்களுக்கு இரண்டு குளியலறை என்றால், காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள் பத்து மணிக்குத்தான் புறப்படுவர். நுளம்பு வலை உண்டா? டெங்குக் காய்ச்சல் இந்நாட்டை விட்டு நீங்கவில்லை. சமையல் யாருடையது? சைவ உணவு உண்பவனும், ஹலால் உணவே உண்பவனும் ஒரே குழுவில் இருப்பர். வந்த பிறகு சொன்னால் பாணும் பருப்புமே கிடைக்கும். முற்பணம் எவ்வளவு, போட்டித் தேதி மாறினால் அப்பணம் திரும்புமா என்பதை எழுத்திலே பெறுதல் நன்று. தொலைபேசியில் 'பிரச்சினை இல்லை, வாங்க' என்று சொன்ன குரல், பணம் திருப்பிக் கேட்கும் வேளையில் வேறொருவருடைய குரலாகிவிடுவதுண்டு.

பலரும் மறந்துவிடும் ஒரு கட்டில் உண்டு. அது பஸ் சாரதியின் கட்டில். மாணவருக்கும் ஆசிரியருக்கும் அறை பேசுவோர், சாரதி வண்டிக்குள்ளேயே சாய்ந்துகொள்வார் என்று விட்டுவிடுகின்றனர். அவரும் நுளம்பு கடிக்க, முழங்காலை மடக்கி, விழித்தும் விழியாமலும் இரவைக் கழிப்பார். மறுநாள் அந்த மனிதர்தாம் 24 பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கப் போகின்றவர். வாவியைப் பார்த்த பலகணி இல்லாமற் போகலாம், வெந்நீரும் இல்லாமற் போகலாம். சாரதிக்கு ஒரு கட்டிலும் மூடிய கதவும் இல்லாத விடுதியை எவ்வளவு மலிவாயினும் தள்ளிவிடுதல் வேண்டும்.

நம் ஆசிரியர் உக்குவளைக்கு முன்கூட்டியே ஒரு நாள் நேரிற் சென்று பார்க்கின்றார். படத்திலே பார்த்த விடுதி வேறு, கண்ணாற் காணும் விடுதி வேறு என்பதை அவர் அறிவார். இரண்டு விடுதிகள் அவர் முன் நிற்கின்றன. ஒன்று மலைச்சரிவிலே, அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் ஓவியம் போலத் தோன்றும். மற்றொன்று கடைத்தெருவுக்கு அண்மையிலே, அழகற்ற ஒரு மாடிவீடு. மனம் முன்னையதை நாடுகின்றது. ஆசிரியர் அதன் பின்புறம் சென்று பார்க்கின்றார். வெட்டப்பட்ட மண் சுவர், தடுப்புக்கட்டு ஏதுமின்றி நிமிர்ந்து நிற்கின்றது. மேலே சில மரங்கள் சாய்ந்திருக்கின்றன. வீட்டுச் சுவரின் மூலையிலே ஒரு வெடிப்பு. அதன்மேல் புதிய சாந்து. மண்சரிவு நேரக்கூடிய இடங்களை இனங்காண அறிஞர் கூறும் அடையாளங்கள் இவையே: சாய்ந்த மரமும் கம்பமும், நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலங்களிலே பிரதேச செயலர் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. உக்குவளையும் அத்தகைய ஒரு பிரிவே. பயணத்துக்கு முதல்நாள் அவ்வெச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுதல் ஆசிரியரின் கடமை. 2025ஆம் ஆண்டுப் பேரழிவிலே மாத்தளை மாவட்டமும் உயிர்களைப் பலி கொடுத்தது. இரவில் உறங்கிய வீடு விடியலில் இல்லாமற்போன செய்திகளைப் படித்த எவரும் பலகணிக் காட்சிக்காகச் சரிவிலே பிள்ளைகளைப் படுக்க வைக்கத் துணியார். ஆசிரியர் அழகற்ற வீட்டுக்கே முற்பணம் கொடுக்கின்றார்.

அங்கேயும் ஓர் அபாயம் உண்டு. அது அழகு வடிவிலே அண்மையிலே ஓடுகின்றது. அதுதான் சுது கங்கை. பெருநகரப் பையன்களுக்கு ஆற்றைக் கண்டால் நிற்க முடியாது. ஆட்டம் முடிந்து வியர்வையோடு திரும்பியவர்கள் துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவர். ஆனால் இந்த ஆறு இயற்கையான ஓர் ஆறு மாத்திரமன்று. பொல்கொல்லையிலே மகாவலியைத் தடுத்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக மலையைத் துளைத்து உக்குவளைக்குக் கொண்டு வருகின்றனர். அந்நீர் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுச் சுது கங்கையிலே கலக்கின்றது. பின்னர் வடக்கே சென்று உலர்வலயத்து வயல்களுக்குப் பயன்படுகின்றது. 1976 முதல் இவ்வேற்பாடு இயங்கி வருகின்றது. மகாவலித் திட்டத்தின் முதற் சாதனைகளுள் ஒன்று இது. மாணவர்க்குக் காட்ட வேண்டிய பாடம். எனினும் இதன் விளைவு ஒன்றை மறக்கலாகாது. மின்நிலையம் இயங்கும்போதும் நிற்கும்போதும் அதற்குக் கீழே ஆற்றின் அளவு மாறும். வானத்திலே மேகமில்லை, மழையில்லை, ஆதலால் வெள்ளம் வராது என்னும் பழைய கணக்கு அங்கே செல்லாது. முழங்கால் அளவு நீரில் நிற்பவன் சிறிது நேரத்திலே இடுப்பளவு நீரில் நிற்கலாம். ஊரார் எந்த இடத்தில், எந்த நேரத்தில் குளிக்கின்றனர், எங்கே குளிப்பதில்லை என்று கேட்டறிய வேண்டும். ஆசிரியர் விடுதி உரிமையாளரைக் கேட்கின்றார். அவர் சொன்ன மறுமொழி சுருக்கமானது: 'கிணறு இருக்குது, சேர். பிள்ளைகளை ஆத்துக்கு விடாதீங்க.' இவ்வாறு சொல்லும் விடுதிக்காரர் கிடைத்தால் அவரை நம்பலாம். வருமானம் போய்விடுமென்று அஞ்சி ஆற்றைப் புகழ்பவர் இருக்கின்றாரே, அவரிடந்தான் எச்சரிக்கை வேண்டும்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்போட்டி வாரங்களிலே பப்பரே வாத்தியமும் ஆட்டமும் பாட்டும் இருப்பது வழக்கம். அவை இளமையின் உரிமை. ஆனால் அவற்றின் நிழலிலே போத்தலும் வருகின்றது. முன்னாள் மாணவர் சிலர் தமது வெற்றிக் களிப்பைத் தம்பிமாரோடு பங்கிட்டுக்கொள்ளுவதைப் பெருந்தன்மை என்று கருதுகின்றனர். மதுச்சாலை உள்ள விடுதியிலே மாணவரைத் தங்க வைத்துவிட்டு, இரவெல்லாம் வாசலிலே காவலிருப்பதைவிட, மதுச்சாலை இல்லாத விடுதியைத் தெரிந்துகொண்டு நிம்மதியாக உறங்குவது ஆசிரியருக்கும் நல்லது.

இவ்வளவும் செய்தபின் ஆசிரியர் கணக்கை மீண்டும் எழுதுகின்றார். கண்டி விடுதிக்காக முன்பு குறித்த தொகையிலே பாதிக்குச் சற்று மேல் வருகின்றது. அதை வகுப்பறையிலே அறிவிக்கும்போது, முன்பு ஒரு தொகை சொல்லப்பட்டது என்பதையோ, எவரெவர் நீங்கினர் என்பதையோ அவர் குறிப்பிடுவதில்லை. இடம் மாறியிருக்கின்றது, ஆதலால் பெயர்களைப் புதிதாக எழுதுங்கள் என்று மாத்திரம் சொல்லித் தாளை முன்வரிசையிலே கொடுத்துவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொள்ளுகின்றார். தாள் பின்வரிசை வரை சென்று திரும்பி வருகின்றது. வீட்டு விசேஷம் தள்ளிப்போய்விட்டது. வரவிருந்த காய்ச்சல் வரவில்லை. 23 பெயர்கள்.

ஆட்டத்திலே விருப்பம் போய்விட்டதென்று சொன்ன பையனின் பெயர் மட்டும் இல்லை. ஆசிரியர் அன்று மாலை அவன் வீட்டுக்குப் போகின்றார். தகப்பனார் கொழும்புத் துறைமுகத்திலே கூலி வேலை செய்பவர். பணத்தைப் பற்றி அங்கே பேச்செழவில்லை. 'பையன் ராத்திரி எங்க படுப்பான், சேர்?' என்பதே தகப்பனாரின் கேள்வி. வேறூருக்கு மகனை அவர் ஒருபோதும் தனியே அனுப்பியதில்லை. ஆசிரியர் கட்டில்களின் கணக்கையும், மலைச்சரிவு வீட்டைத் தவிர்த்ததையும், கிணற்றையும், ஆற்றையும், சாரதியின் அறையையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுகின்றார். தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விடுதியின் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதித் தரும்படி வேண்டி, அதை மடித்துச் சுவாமி படத்தின் பின்னாற் செருகி வைக்கின்றார்.